தமிழ் அலமாரி முன்னே ஒரு பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி நூலகங்களில் வேலை பார்ப்பவர்கள், இடைவேளையில் போய் உதவும் பெற்றோர், தமிழாசிரியர்கள் ஆகியோரிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பல பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி நூலகர் கிடையாது. பொறுப்பாசிரியர் ஒருவர், நூலக உதவியாளர் ஒருவர், கூடவே சில தொண்டூழியர்கள், அவ்வளவுதான். அந்தச் சிறிய குழு தன் கையால் செய்யக்கூடியதை மட்டுமே இங்கே சொல்லியிருக்கிறோம்.

வாரம் ஒரு நாள் இடைவேளையில் தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதை வாசிக்கிறேன். ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். என் வாசிப்பில்தான் கோளாறா?
— பெற்றோர் தொண்டூழியர், ஈசூன்

வாசிப்பைக் குறை சொல்வதற்கு முன் புத்தகத்தின் அளவைப் பாருங்கள். இரண்டாவது வரிசைப் பிள்ளை உங்களிடமிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். கையடக்கப் புத்தகத்தில் உள்ள படம் அந்தத் தூரத்தில் வெறும் வண்ணத் திட்டுதான். பக்கம் ஏ4 அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம், மொத்தம் 10, 12 விரிப்புகள் (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு) போதும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். வெளிச்சம் உங்களுக்குப் பின்னால் இருந்தால் பிள்ளைகளுக்கு உங்கள் முகமும் இருட்டு, புத்தகமும் இருட்டு. புத்தகத்தை அடிமுதுகில் ஒரு கையால் பிடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பார்க்கும்படி விரித்து வையுங்கள். நீங்கள் பக்கவாட்டில் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பழகினால் போதும். வாசிக்க ஒருமுறை, காட்ட ஒருமுறை என்று திருப்பித் திருப்பிப் பிடித்தால் கதை அங்கேயே அறுந்துபோகும்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். இடைவேளை 30 நிமிடம் என்றால், வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு மிஞ்சுவது 12 முதல் 15 நிமிடம். கதை 7, 8 நிமிடத்துக்குள் முடியவேண்டும். மிச்ச நேரம் பிள்ளைகள் புத்தகத்தைத் தொட்டுப் புரட்டி, ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போவதற்கு.

இனி மொழி. இதில்தான் பெரும்பாலான தமிழ் வாசிப்பு சறுக்குகிறது. பிள்ளை காதில் விழுவது பாட்டியின் பேச்சுத்தமிழ், புத்தகத்தில் இருப்பது எழுத்துத்தமிழ். சிலர் அச்சில் உள்ளதைச் செய்தி வாசிப்பதுபோல் கடைசிவரை படித்துவிடுகிறார்கள். பிள்ளை அப்படியே விலகிப் போகிறது. வேறு சிலர் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு முழுக்கப் பேச்சில் சொல்கிறார்கள். அப்போது கதை போய்ச் சேர்கிறது, ஆனால் அச்சில் இருக்கும் தமிழ் பிள்ளையின் காதில் ஒருநாளும் விழுவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ‘மழை பெய்துகொண்டிருந்தது. நரி குகைக்குள் ஒளிந்துகொண்டது’ என்று அச்சில் உள்ளபடியே நிதானமாகப் படியுங்கள். பிறகு படத்தில் விரலை வைத்து, “மழ எப்படிக் கொட்டுது பாருங்க! நரி எங்க போயி ஒளிஞ்சிக்கிச்சு?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். நான்கைந்து பக்கம் போவதற்குள் ‘ஒளிந்துகொண்டது’தான் ‘ஒளிஞ்சிக்கிச்சு’ என்று யாரும் விளக்காமலே பிள்ளைக்குப் பிடிபட ஆரம்பிக்கும். யாராவது “கேவ்!” என்று கத்தினால் திருத்தவேண்டாம். “ஆமா, கேவ்தான். குகை” என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் “இது என்ன நிறம்? எத்தனை பறவை?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டால் கதை பரீட்சையாகிவிடும். தொடங்கும்முன் ஒரு கேள்வி, முடிவு வரும் பக்கத்தைத் திருப்பும்முன் ஒரு கேள்வி போதும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையாகத் தேர்ந்தெடுத்தால், மூன்றாம் முறை நீங்கள் பாதியில் நிறுத்தும்போது பிள்ளைகளே முடித்துவைப்பார்கள். அதற்கப்புறமும் எழுந்து போகும் பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டாம். பக்கத்திலேயே ஒரு புத்தகப் பெட்டி இருந்தால் அங்கே போய் நிற்கும். கை எதையாவது புரட்டிக்கொண்டிருந்தாலும் காது இங்கேதான் இருக்கும்.

எங்கள் பள்ளியில் தமிழ்ப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இரவல் வாங்குவதென்னவோ ஆங்கிலப் புத்தகங்களைத்தான். பிள்ளைகளுக்குத் தமிழில் ஆர்வமே இல்லையா?
— தமிழாசிரியர், ஜூரோங் வெஸ்ட்

ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் அலமாரி முன்னால் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலக் கதைப் புத்தகத்துக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் முதுகு இருக்கிறது, அதில் கொட்டை எழுத்தில் தலைப்பு இருக்கிறது. தமிழ்ச் சிறுவர் புத்தகங்களில் மிகப் பல 16 அல்லது 24 பக்கம், நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. நெருக்கி அடுக்கினால் தெரிவது வெள்ளைத் தாள் விளிம்பு மட்டும். கண்ணில் படாத புத்தகத்தைப் பிள்ளை எப்படிக் கேட்கும்?

அட்டை முகம் தெரிய வைப்பதுதான் மருந்து. 90 சென்டிமீட்டர் தட்டு ஒன்றில் ஏ4 அளவுப் புத்தகங்கள் நான்குதான் முகம் காட்டி நிற்கும் என்பதால் எல்லாவற்றையும் அப்படி வைக்க இடம் போதாது. மெல்லிய புத்தகங்களுக்குப் பெட்டி வாங்குங்கள். ஒரு பெட்டிக்கு 20 முதல் 25 வரை, முகம் முன்னால் பார்க்க, ஒன்றன்பின் ஒன்றாக. பிள்ளையின் கை உள்ளே போய்த் தள்ளிப் பார்க்க இடம் இருக்கவேண்டும். இறுக்கி அடைத்தால் முதல் இரண்டைத் தவிர மற்றதைத் தொடமாட்டார்கள், இழுக்கும்போது அட்டையும் கிழியும். பெட்டியின்மேல் ‘பேய்’, ‘யானை’, ‘சிரிப்பு’, ‘சாப்பாடு’ என்று எழுதிப் படம் ஒட்டுங்கள்.

‘தொடக்கநிலை 1’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த அளவில் தமிழ் படிக்கும் தொடக்கநிலை 4 மாணவர் நண்பர்கள் முன்னால் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டார். நிலை தெரிந்தாக வேண்டுமென்றால் பின்னட்டையின் உட்பக்கம் சிறிய வண்ணப் பொட்டு ஒட்டிவிடுங்கள். அது ஆசிரியர் கண்ணுக்குப் போதும். முகம் காட்டி நிற்பவற்றை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஒரு தவணைக்குப் பத்து வாரம், எனவே பத்துக் காட்சி.

தகவல் நூல்கள் விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கறாரானது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூவி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811. கதைகள் அங்கேயே இருக்கட்டும். ஆனால் சுறாவைப் பற்றிய தமிழ்ப் புத்தகத்தைத் தமிழ் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். சுறாப் பைத்தியமாக இருக்கும் பையன் போய் நிற்பது சுறாக்களுக்குரிய 597.3 முன்னால். ஆங்கிலச் சுறாப் புத்தகத்தின் பக்கத்திலேயே தமிழ்ப் புத்தகமும் இருந்தால் இரண்டையும் எடுப்பான். இரண்டு படி இருந்தால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் நூலகத்தில் எந்த மூலையில் நிற்கிறார் என்று பார்த்து, புத்தகத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது நம் வேலை.

இன்னொன்று: நூலகப் பாடவேளை பெரும்பாலும் ஆங்கில ஆசிரியருடன் வகுப்போடு வருவது. தமிழ் படிக்கும் பிள்ளைகள் பல வகுப்புகளில் சிதறி இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தமிழ்ப் பாடவேளையாவது நூலகத்தில் நடக்கும்படி அட்டவணை போடும்போதே கேட்டு வாங்குங்கள். ஆண்டு தொடங்கிய பிறகு கேட்டால் அறை கிடைக்காது.

மாணவ நூலகர்கள் அடுக்கினால் தமிழ் வரிசை மட்டும் குழம்பிப் போகிறது. என்ன செய்யலாம்?
— நூலக உதவியாளர், பாசிர் ரிஸ்

குழப்பம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. பிள்ளைகளுக்கு உயிரெழுத்து வரிசை தெரியும். மெய் வரிசையைப் பாட்டாகச் சொல்வார்கள், ஆனால் ‘பவுக்கு முன்னா ரவா?’ என்று கேட்டால் திணறுவார்கள். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று அச்சடித்த நீளப் பட்டையைத் தட்டின் விளிம்பிலேயே ஒட்டிவிடுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ‘ன’வுக்குப் பின். ‘ஜ’வைச் ‘ச’வோடு சேர்த்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எதுவானாலும் ஒன்றை முடிவுசெய்து எழுதி வையுங்கள்.

அடுத்தது தலைப்பெழுத்து. ஆசிரியர் பெயர் ‘மு. சுந்தரி’ என்றால் ‘சு’வில்தான் வைக்கவேண்டும், ‘மு’வில் அல்ல. இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மறக்கமாட்டார்கள்.

மூன்றாவது, கணினி அச்சடிக்கும் முதுகுச் சீட்டு. பெயரின் முதல் மூன்று எழுத்தை எடுக்கச் சொன்னால் சில மென்பொருள்கள் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணிவிடும். ‘சுந்தரி’க்கு ‘சுந்த’ என்று வரவேண்டிய சீட்டு, புள்ளியை இழந்து ‘சுந’ என்று வந்து நிற்கும். அதை நம்பி அடுக்கும் பிள்ளைமேல் தவறில்லை. தமிழ்ச் சீட்டுகளைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். அதேபோல் பட்டியலில் தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் இருந்தால் ‘யானை’யைத் தேடும் பிள்ளை அதை எத்தனை விதமாக எழுத்துக்கூட்டும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்திலும் தலைப்பைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு மாணவருக்கு ஒரு தட்டு, 15 நிமிடம், அவ்வளவுதான் கொடுக்கவேண்டும். முழு அலமாரியைக் கொடுத்தால் பாதியில் கைவிடுவார்கள். திரும்பி வந்த புத்தகங்களை உடனே அடுக்கவும் வேண்டாம். ‘இப்போதுதான் வந்தவை’ என்று எழுதிய வண்டியில் முகம் தெரிய வைத்துவிடுங்கள். வேறொரு பிள்ளை படித்து முடித்த புத்தகத்துக்குத் தனி மவுசு உண்டு. பாதி வண்டி அடுக்காமலே காலியாகிவிடும்.

விடுமுறையில் ஏர்கான் ஒழுகி ஒரு தட்டுப் புத்தகம் நனைந்துவிட்டது. மற்ற சிலவற்றில் பூசணம். எவற்றைக் காப்பாற்றலாம்?
— நூலக உதவியாளர், தோ பாயோ

நனைந்ததற்கும் பூசணம் பிடித்ததற்கும் சிகிச்சை வேறு.

நனைந்தவற்றுக்கு உங்களிடம் இருப்பது 48 மணி நேரம். அதற்குமேல் போனால் அவற்றிலும் பூசணம் வரும். முதலில் தாளைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பான ஆர்ட் தாளா, சாதாரணத் தாளா? படப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆர்ட் தாள். அதன் பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கங்களை ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிவிடும். ஒட்டிவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது. எனவே அவை ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து இடையே பேக்கிங் தாள் (கேக் சுடும் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்) வையுங்கள். சாதாரணத் தாள் புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்கு ஒன்று என்று சமையலறைத் துடைதாள் செருகி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும். நிறையத் தாளைத் திணித்தால் முதுகு பிளந்துபோகும். பிறகு புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். ஏறக்குறையக் காய்ந்ததும் பாரம் வைத்து அழுத்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய ஆள் இல்லையென்றால், ஒவ்வொன்றையும் பேக்கிங் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த புத்தகத்தில் பூசணம் வளராது, ஆள் கிடைக்கும்போது நாளுக்கு நாலைந்தாக எடுத்துக் காயவைக்கலாம்.

தாழ்வாரத்தில் காற்றாட வைத்தால் காயும் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டையொட்டி இருக்கிறது. அந்தக் காற்றில் காய நாளாகும், அதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். ஏர்கான் ஓடும் அறை அல்லது ஈரம் உறிஞ்சும் இயந்திரம்தான் உதவும்.

பூசணம் பிடித்தவற்றை உடனே நெகிழிப் பையில் போட்டுக் கட்டி மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறையைத் தாளுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். நன்றாகக் காய்ந்து தூளான பிறகு, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, கட்டடத்துக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஆனால் உள்பக்கங்களிலும் பரவியிருந்தால் தயங்காமல் தூக்கி எறியுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை முகத்துக்கு நேரே விரித்துப் படிக்கப்போகும் பொருள் அது. மீண்டும் வாங்கக்கூடிய புத்தகத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

ஜூன் மாத நான்கு வாரமும் ஆண்டிறுதி ஆறு வாரமும் அறை பூட்டிக் கிடக்கும் காலம்தான் பெரிய எதிரி. விடுமுறைக்கு முன் ஏர்கான் வடிகால் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஒழுகலுக்குப் பொதுவான காரணம் அதில் சேரும் வழுவழுப்பான பாசிதான். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். முள் 60க்குக் கீழே நின்றால் நிம்மதி.

கிழிந்த புத்தகத்துக்குச் செல்லோடேப் ஒட்டலாமா?
— தொண்டூழியர், பிடோக்

வேண்டாம். சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை வெளியே கசியும், அடுத்த பக்கமும் ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கென்றே நூலகப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும் அமிலமில்லாத மெல்லிய ஒட்டுத்தாளை வாங்குங்கள்.

கெட்டி அட்டைப் புத்தகத்தில் அட்டை தொளதொளவென்று ஆடினால், உடைந்தது பெரும்பாலும் கீல் பகுதிதான், அதாவது அட்டை முதுகோடு சேரும் மடிப்பு. புத்தகத்தை நிறுத்திவைத்து மேலிருந்து பார்த்தால் முதுகுக்கும் தாள்கட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். நீளமான பின்னல் ஊசியில் வெள்ளை பிவிஏ பசையைத் தடவி, அந்த இடைவெளிக்குள் விட்டு, உருட்டி எடுங்கள். மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி. பசை சொட்டும் அளவுக்கு வேண்டாம், மெல்லிய பூச்சு போதும். மூடி, அட்டைக்கு உட்புறம் பேக்கிங் தாள் செருகி, கீல் பள்ளத்தில் ஊசியைக் கிடத்தி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். பேக்கிங் தாளை மறந்தால் காலையில் புத்தகம் திறக்காது.

மகள் தொடக்கநிலை 2. ஆறு வாரமாக ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வருகிறாள். தடுக்கலாமா?
— தாய், செங்காங்

தடுக்காதீர்கள். தெரிந்த கதையில் எழுத்தை அடையாளம் காணும் வேலை சுலபமாகிறது, வேகமும் உச்சரிப்பும் அங்கேதான் கைகூடுகிறது. இரண்டு புத்தகம் எடுக்க அனுமதி உண்டென்றால் ஒன்று அது, இன்னொன்று புதியது. புதியதைப் படிக்கச் சொல்லி வற்புறுத்தாமல் பையில் போட்டு அனுப்புங்கள். நூலகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: “இதத்தானே போன வாரமும் எடுத்த?” என்று முகப்பில் வைத்துக் கேட்காதீர்கள்.

பழைய புத்தகங்களை எப்போது கழிப்பது? எறிய மனம் வரவில்லை.
— பொறுப்பாசிரியர், புக்கிட் பாத்தோக்

தகவல் நூல்களில் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகம் போகவேண்டும். புளூட்டோ 2006 ஆகஸ்டிலேயே குறுங்கோள் ஆகிவிட்டது. தெலங்கானா இல்லாத இந்திய வரைபடம் 2014க்கு முந்தியது. தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை இல்லாத சிங்கப்பூர் வரைபடத்தைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். தப்பான தகவல் தரும் புத்தகம் அலமாரியில் இருப்பதைவிட அந்த இடம் காலியாக இருப்பது மேல்.

கதைகளுக்கு ஆண்டு அளவுகோல் அல்ல. பழுப்பேறிய தாள், நெருக்கமான பொடி எழுத்து, மூன்று ஆண்டாக யாரும் இரவல் வாங்காதது ஆகிய மூன்றும் சேர்ந்தால் எடுத்துவிடலாம். ஆனால் மூன்றாவதை மட்டும் வைத்துத் தமிழ்ப் புத்தகத்தைக் கழிக்காதீர்கள். முதலில் ஒரு தவணை முகம் காட்டி வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கழிப்பதென்று ஆனதும் முத்திரை குத்தி, பட்டைக்குறியை அடித்து, பட்டியலிலிருந்து நீக்குங்கள். நீக்க மறந்தால் இல்லாத புத்தகத்தைப் பிள்ளைகள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

மகன் தொடக்கநிலை 5. ஆங்கிலத்தில் தடிமனான புத்தகம் படிக்கிறான். தமிழில் அவனால் படிக்க முடிவது சின்னப் பிள்ளைக் கதைதான், அது அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டில் தமிழ்ப் புத்தகமும் அதிகம் இல்லை.
— தந்தை, சுவா சூ காங்

வெட்கம் நியாயமானது. பதினோரு வயது மூளைக்கு முயல் கதை போதாது. ஆனால் அதே முயல் கதையைத் தொடக்கநிலை 1 பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பைக் கொடுத்தால் அது அவனுக்குரிய வேலை ஆகிவிடும். மூத்த மாணவர் இளையவருக்கு வாசிக்கும் ஏற்பாடு பள்ளியில் இருந்தால் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் இன்னும் எளிது. தனக்காகப் படிக்க சித்திரக் கதை, விடுகதை, விளையாட்டுச் செய்தி கொடுங்கள். தமிழ் முரசில் ஒரு காற்பந்துச் செய்தி பத்து வரிதான் இருக்கும், ஆனால் அவன் வயதுக்கு ஏற்ற விஷயம். வாசித்துக் காட்டுவதையும் நிறுத்தாதீர்கள். கடினமான கதையை நீங்கள் படிக்க அவன் கேட்கலாம், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

புத்தகத்துக்கு வழி இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் அடிப்படை உறுப்பியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். எடுத்த புத்தகத்தை 21 நாள் வைத்திருக்கலாம், எந்தப் பொது நூலகத்திலும் திருப்பிப் போடலாம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களை அப்படியே விட்டு அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கையேடு வடிவில் இருபக்கமும் அச்சிட்டு, நடுவில் மடித்து, நீளக் கை உள்ள பின்னடிப்பானால் வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு பின் அடியுங்கள். உள்பக்கம் வரும் முனைகளை ஒரு கரண்டியின் முதுகால் தட்டித் தட்டையாக்குங்கள். முதல் பக்கத்தில் அவன் பெயரை அவனையே தமிழில் எழுதச் சொல்லுங்கள்.